ஆறு நிமிடம் பார்த்தவன்

"அய்யோ... கண்ணு போச்சு!"

ஷேர் ஆட்டோவுக்குள் எழிலரசி தலையை நுழைப்பதற்கு முன்பே அவள் கையிலிருந்த சுருட்டிய சார்ட் நுழைந்துவிட்டது. நுழைந்த வேகத்தில் உள்ளே ஓரமாக உட்கார்ந்திருந்தவன் கன்னத்தில் ஒரு குத்து.

"சாரிங்க... கண்ணுலயா பட்டுச்சு?"

"கன்னத்துலதான். ஆனா குறி கண்ணுக்கு வெச்ச மாதிரி இருந்துச்சு."

"இந்த மழையில ஏறுறதே பெரிய விஷயம். இதுல குறி வேற பாப்பாங்களா? கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"இன்னும் தள்ளினா வெளிய விழுந்துடுவேங்க."

"விழுந்தா நனைவீங்க, அவ்ளோதானே? என் சார்ட் நனைஞ்சா ஆறு நாள் வேலை போச்சு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தேரடி வீதிப் பாத்திரக்கடை சுப்பிரமணியின் மகளுக்குப் பேச்சு எப்போதும் முன்னால் ஓடும். யோசனை மெதுவாகப் பின்னால் நடந்து வரும்.

அவன் சண்டைக்கு வரவில்லை. இறங்கிப் போய் டிரைவர் பக்கத்து இருக்கையில், சாரல் நேராக அடிக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டான். பையிலிருந்து உர மூட்டைக்குள் வருகிற பாலிதீன் உறை ஒன்றை எடுத்தான். "குடுங்க, சுத்தித் தர்றேன்" என்று கை நீட்டினான். சார்ட்டை வாங்கியவன் சும்மா சுற்றியிருக்கலாம். ஓரத்தைப் பிரித்துப் பார்த்தான்...

"ஒரு அம்பு தப்பா இருக்குங்க."

"என்னது?"

"கடலுக்கு மேல போட்டிருக்கீங்களே, அந்த அம்பு. தண்ணி ஆவியாகி மேல போகணும். இது கீழ பாக்குது."

"அது மழைங்க. மழை கீழதான் பெய்யும்."

"மழைதான் இந்தப் பக்கம் தனியா பெய்யுதே. அங்கயும் பெஞ்சா கடல் ஜாஸ்தியாயி ஊருக்குள்ள வந்துடும்."

இவ்வளவையும் அவன் சார்ட்டைப் பார்த்தே சொன்னான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டிரைவரின் கண்ணாடியில் மட்டும் ஒரு கணம் அந்தக் கண்கள் தெரிந்தன. மழை கழுவி வைத்த நாவல்பழம் போல இரண்டு... இமை நுனியில் ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

'பெரிய விஞ்ஞானி' என்று மனசுக்குள் திட்டினாள். வேங்கிக்கால் நிறுத்தத்தில் இறங்கி, குடையை விரித்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இனிமேல் இந்த ஆளை எங்கே பார்க்கப் போகிறோம்? கல்லூரித் தாழ்வாரத்தில் யாரும் இல்லாத மூலையாகப் பார்த்து, ஸ்கெட்ச் பேனாவால் அந்த அம்புக்கு மேல் பக்கம் ஒரு தலை வரைந்தாள். கீழ்த்தலையை அலையாக மாற்றிவிட்டாள்.

வகுப்புக்குள் நுழைந்தால்... ஈரச் சட்டையோடு கடைசி வரிசையில் அவன்!

"கடைசி லிஸ்ட்ல சேர்ந்தவனாம்" என்று தோழி நசீமா காதைக் கடித்தாள். "வேடியப்பன். கீழ்பென்னாத்தூர் பக்கம். செய்யாறுல ஷூ கம்பெனி வேலைய விட்டுட்டு வாத்தியார் ஆகணும்னு வந்திருக்கான். ஏண்டி, உனக்கு ஏன் முகம் செவக்குது?"

"மழை."

"மழையில யாருக்குடி செவக்கும்?"

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஆறு நிமிடம் பாடம் எடுக்க வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் பத்துப் பேர் பள்ளிப் பிள்ளைகளாக நடிப்பார்கள். மீதிப் பேர் பின்னால் உட்கார்ந்து, எது சரி, எது சரியில்லை என்று தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது சட்டம். நடப்பு வேறு. எல்லாரும் எல்லாருக்கும் 'மிக நன்று. குரல் தெளிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நீ எனக்கு, நான் உனக்கு. சந்தையில்கூட இவ்வளவு சுலபமாகக் கொடுக்கல் வாங்கல் நடக்காது. பாடம் ஆரம்பிக்கும் முன்பே தாளை நிரப்பி மடித்து வைத்துவிட்டு நகம் கடிக்கிறவர்களும் அங்கே உண்டு.

அன்று எழிலரசியின் முறை. மழை எப்படி உருவாகிறது என்று அவள் ஆறு நிமிடம் பொழிந்தாள். கைதட்டல். கடைசியில் தாள்கள் மேசைக்கு வந்தன. பேராசிரியை ராணியம்மாள் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் புரட்டினார். ஒன்றில் நின்றார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"யாருப்பா வேடியப்பன்? ரெண்டு பக்கமும் எழுதி, தாள் பத்தாம நோட்டுலேர்ந்து கிழிச்சு வேற சேர்த்திருக்க?"

அவன் எழுந்தான். "எழுதணும்னு சொன்னாங்களே மேடம்..."

வகுப்பு சிரித்தது. புதுசாக வந்தவனுக்கு வழக்கத்தை யாரும் சொல்லவில்லை! ராணியம்மாள் சிரிக்கவில்லை. உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

'ஆறு நிமிடத்தில் பதினான்கு கேள்விகள் கேட்டார். பன்னிரண்டுக்கு அவரே பதில் சொல்லிவிட்டார்...'

வகுப்பு குலுங்கியது. நசீமாவே வாயைப் பொத்திக்கொண்டாள். எழிலரசிக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. காதுமடல் மட்டும் கொதித்தது. மணி அடித்ததும் அந்தத் தாள்களைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

"ஏங்க..." பின்னால் அவன் குரல்.

"பேசாதீங்க."

"நான் நல்லதும் எழுதியிருந்தேங்க. மேடம் படிக்கறதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க..."

"பேசாதீங்கன்னு சொன்னேன்."

சாயங்காலம் கடையில், அடுக்கி வைத்த அண்டாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, கிழித்துப் போடுவதற்காகத்தான் அந்தத் தாளை எடுத்தாள். கிழிக்கும் முன் ஒரு தடவை படித்தால் என்ன?

'மேகம் என்று சொல்லும்போது வலது கையை மேலே தூக்கினார். பத்துத் தலைகளும் மேலே போயின. மேலே இருந்தது மின்விசிறி. நாங்கள் அதை மேகம் என்று நம்பினோம். இது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.'

'மூன்றாவது வரிசையில் சன்னலோரம் இருந்த பெண் இரண்டு முறை பதில் சொல்ல வாய் திறந்தார். இரண்டு முறையும் எழிலரசி முந்திக்கொண்டார்.'

'கேள்விக்குப் பிறகு அமைதி வந்தால் அவருக்குப் பயம் வருகிறது என்று நினைக்கிறேன். சேலை முந்தானையை அப்போதுதான் இறுக்கிப் பிடிக்கிறார். அந்த அமைதியில் பிள்ளைகள் யோசிக்கிறார்கள். மூன்று விநாடி விட்டுப் பார்க்கலாம். இவ்வளவு பிரியமாகச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு அந்த மூன்று விநாடி நஷ்டம் ஆகாது.'

முன்னால் அப்பா ஒரு அம்மாளிடம் குக்கர் விற்றுக்கொண்டிருந்தார். "இதப் பாருங்கம்மா, அதப் பாருங்கம்மா, இது கைப்பிடி கெட்டி, அது அடி கனம்..." அந்த அம்மாள் மூச்சு விடக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை. யோசிக்க விட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்களே! எழிலரசி விழி விரிய அப்பாவைப் பார்த்தாள். அமைதிக்குப் பயந்துதான் தான் பேசுகிறோம் என்று இருபத்துமூன்று வருடமாக அவளுக்கே தெரியாது. ஆறு நிமிடம் பார்த்தவனுக்குத் தெரிந்திருக்கிறது...

முந்தானையைக்கூடப் பார்த்திருக்கிறான்!

அழகாக இருக்கிறாய் என்று சொன்னவர்கள் உண்டு. கெட்டிக்காரி என்று சொல்லாத ஆளே இல்லை. ஆனால் இப்படி ஒரு மனுஷன் அவளைப் பார்த்ததே இல்லை. தாள் கிழிபடவில்லை. எவர்சில்வர் டப்பா ஒன்றுக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது.

ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே!

மறுநாள் வேடியப்பன் முறை. நெம்புகோல் பாடம். கரும்பலகையில் அவன் வரைந்த படம் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் ஆறு நிமிடமும் அவன் பாடம் நடத்தியது கரும்பலகைக்குத்தான். வகுப்பு பார்த்தது அவன் முதுகை. எழிலரசி கவனித்தாள். தெளிவாகவே கவனித்தாள். பேனாவை எடுத்தாள். 'பன்னிரண்டுக்கு அவரே பதில் சொல்லிவிட்டார்' என்றதும் எழுந்த சிரிப்பு மறுபடி காதில் கேட்டது... 'மிக நன்று' என்று எழுதி மடித்துக் கொடுத்துவிட்டாள்.

"உன் தாளத்தான்டி முதல்ல தேடி எடுத்தான்" என்றாள் நசீமா. "படிச்சுட்டு பின்பக்கம் வேற திருப்பிப் பாத்தான், ஏதாச்சும் இருக்குமான்னு. பாவமா இருந்துச்சு."

அன்றைக்கு மத்தியானச் சோறு எழிலரசிக்கு இறங்கவில்லை.

பள்ளிக்கூடப் பயிற்சிக்கு இடம் ஒதுக்கினார்கள். இரண்டு பேருக்கும் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரே பள்ளி. வயலுக்கு நடுவில் ஓட்டுக் கட்டடம். சன்னலுக்கு வெளியே நிலக்கடலைக் கொல்லை. நிஜப் பிள்ளைகள் நடிக்க மாட்டார்கள் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

இரண்டாவது வாரம். ஏழாம் வகுப்பு. எழிலரசி கேட்டாள்: "ஏரியில தண்ணி குறைஞ்சு போச்சு. யாரும் எடுக்கல. எங்க போயிருக்கும்?"

பதில் அவள் நாக்கு நுனியிலேயே நின்றது. பல்லால் பிடித்துக்கொண்டாள். ஒன்று... முந்தானை கையில் கசங்கியது. இரண்டு... கடவுளே, என்ன அமைதி இது. மூன்று...

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். ஓவியா. வகுப்பிலேயே குட்டையான பெண். பேசவே மாட்டாள் என்று வருகைப் பதிவிலேயே எழுதி வைக்காத குறை.

"மிஸ்... துணி காயப்போட்டா ஈரம் காணாம போயிடுது இல்ல... அது போற இடத்துக்குத்தான் ஏரியும் போச்சா?"

இத்தனை நாள் இந்தச் சின்னத் தலைக்குள் ஒரு ஏரி இருந்திருக்கிறது... எழிலரசிதான் பேசிப் பேசி மூடி வைத்திருக்கிறாள்!

மணி அடித்ததும் ஓடினாள். இதை அவனிடம் சொல்லியாக வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது. ஆனால் பக்கத்து வகுப்பு வாசலில், மேற்பார்வைக்கு வந்த ராணியம்மாள் நின்றிருந்தார். உள்ளே ஒரே கூச்சல். காகித ராக்கெட் பறந்தது. அதன் நடுவே, அழகான ஒரு படத்தை வரைந்தபடி, பலகையோடு பேசிக்கொண்டிருந்தான் வேடியப்பன்.

பாடம் முடிந்தபோது தாழ்வாரத்தில் மழைச்சாரல் அடித்தது. அவன் தூணோரம் நின்று கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"மேடம் என்ன சொன்னாங்க?"

"வெள்ளிக்கிழம கடைசித் தேர்வு. வெளியிலேர்ந்து ஒருத்தர் வர்றாராம். இதே மாதிரி எடுத்தா பாஸ் போட முடியாதுன்னாங்க." தரையைப் பார்த்துச் சிரித்தான். "கம்பெனிக்கு போன் பண்ணிட்டேங்க. வேல இருக்குதாம். லைன்ல நின்னா யாரு முகத்தையும் பாத்துப் பேச வேணாம்."

அவன் உள்ளங்கையைத் தூணில் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? காலேஜ்ல எடுத்தேனே... அப்பவும் இப்படித்தான் போர்டப் பாத்தே எடுத்தேனா?"

"...ஆமா."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏங்க எழுதல?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குப் பத்து வார்த்தை வைத்திருந்தாள். அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அதுதான் சுட்டது.

"ரோஷம்" என்றாள். "எல்லாரும் சிரிச்சாங்க. அதான்."

"நான் சிரிக்க வெக்க எழுதலைங்க."

"தெரியும். அன்னிக்கு சாயங்காலமே தெரியும். தெரிஞ்சும்தான் செஞ்சேன்." அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். "நாளைக்கு உங்க வகுப்புல பின்னாடி உக்காந்து எழுதித் தர்றேன்."

"வேணாங்க. பாவம் பாத்து எழுதறதா இருந்தா..."

"பாவம் பாக்கறதா? நான் கடைக்காரர் பொண்ணுங்க. ஒரு டம்ளர் எடுத்தாலும் ஓட்டை இருக்கான்னு வெளிச்சத்துல தூக்கிப் பாக்கற வம்சம். உங்கள மட்டும் விட்டுடுவேனா?"

முதல் தடவையாக அவன் நிமிர்ந்து பார்த்தான். ஒரே விநாடி. மறுபடி கண்கள் ஓடித் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

மறுநாள் நாற்பது நிமிடம் எழிலரசி அவனைப் பார்த்தாள். ஒரு ஆளைப் பார்ப்பது இத்தனை பெரிய வேலையா? பலகையில் கோடு போடும் முன் அவன் மூச்சை இழுத்துப் பிடிக்கிறான். பிள்ளைகள் சத்தம் போட்டால் தோள் கொஞ்சம் சுருங்குகிறது. ஒரு பையனுக்குப் பேனா கசிந்து கை நனைந்தபோது, பாடத்தை நிறுத்தாமலே போய்த் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு வந்தான். அதை அவன் செய்ததே அவனுக்குத் தெரியவில்லை... அவள் எழுத எழுதத் தாள் தீர்ந்துகொண்டே போனது. ஆறு நிமிடத்தில் தன்னிடம் இவன் எவ்வளவு பார்த்தான் என்று இப்போது நினைத்தால் மலைப்பாக இருந்தது.

நான்கு பக்கங்களைக் கொண்டுபோய் நீட்டினாள். அவன் அங்கேயே நின்று படித்தான்.

'நாற்பது நிமிடத்தில் பிள்ளைகள் பக்கம் ஒன்பது முறைதான் திரும்பினார். அந்த ஒன்பது முறையும் சத்தம் அடங்கியது. இதை அவர் பார்க்கவில்லை, அதற்குள் திரும்பிவிட்டார். வகுப்பு அவரை வெறுக்கவில்லை. அவர் முகத்துக்காகக் காத்திருக்கிறது.'

அந்த வரியில் அவன் ரொம்ப நேரம் நின்றான்.

"ஒன்பது முறையுமா?"

"ஒண்ணுகூடக் கம்மியில்ல. எண்ணினேன்."

"இதுல... 'சாக்பீஸைத் தொட வேண்டாம்'னு எழுதியிருக்கீங்க. படம் வரையாம நெம்புகோல எப்படிங்க சொல்றது?"

"உங்க வீட்ல கடப்பாரை இருக்கா?"

"விவசாயி வீட்ல கடப்பாரை இல்லாமயா?"

"எடுத்துட்டு வாங்க. மைதானத்துல கட்டட வேலைக்கு வந்து மிஞ்சுன கருங்கல் கிடக்குதே, அங்க எடுங்க பாடத்த. அங்க போர்டு கிடையாது. எங்க திரும்புவீங்கன்னு பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. வாரக்கணக்கில் மேகத்துக்குள் கிடந்த மலை அன்று மேற்கே முழுசாக எழுந்து நின்றது. அழுக்கு இல்லாத நீலம். தேர்வுக்கு அவனுக்குக் கொடுத்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கருங்கல்லைச் சுற்றி நின்றார்கள். வெளித் தேர்வாளரும் ராணியம்மாளும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். எழிலரசி கொஞ்சம் தள்ளி, மடியில் வெள்ளைத் தாளோடு.

வேடியப்பன் வந்தான். இயல்பாகவே முதுகைத் திருப்பினான். முன்னால் வயல்தான் இருந்தது. திண்டாடி, திரும்பினான். முப்பது ஜோடிக் கண்கள் அவனைப் பார்த்தன.

எழிலரசி மனசுக்குள் கெஞ்சினாள். பேசுங்க... பேசுங்களேன்...

"இந்தக் கல்ல... யாரு தூக்குவீங்க?"

"நான் சார்! நான் சார்!" வகுப்பிலேயே தடியான நான்கு பையன்கள் பாய்ந்தார்கள். முக்கினார்கள். முனகினார்கள். கல் கவலையே படவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான்... அவர்கள் முகத்தைப் பார்த்து!

"சரி. இப்ப ஓவியா தூக்குவா."

"அவளா? சார், அவளே காத்துல பறந்துடுவா சார்!"

கடப்பாரையின் முனையைக் கல்லுக்கு அடியில் கொடுத்தான். கல்லை ஒட்டினாற்போல, கடப்பாரைக்குக் கீழே சின்னக் கல் ஒன்றை வைத்தான். "எல்லாரும் ரெண்டடி பின்னாடி... நீ கிட்டப் பிடிச்சு அமுக்கிப் பாரு ஓவியா. வரலையா? சரி, கொஞ்சம் தூரமா. இன்னும் தூரமா... கடைசிக்குப் போ. இப்ப?"

ஓவியா இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு உறுமல் மாதிரி சத்தம். கல்... அந்தக் கருங்கல்... மெதுவாகத் தலையைத் தூக்கியது.

கல்லுக்கு அடியில், வெயிலே பார்க்காத வெள்ளைப் புல் கொஞ்சம் தெரிந்தது. சின்னத் தவளை ஒன்று வெளிச்சத்தைப் பார்த்துத் திகைத்து உட்கார்ந்திருந்தது. ஓவியா தன் கைகளையே பார்த்தாள், யாருடைய கைகளோ என்பது போல.

"சார்... நானா சார் தூக்கினேன்?"

"நீதான்" என்றான் அவன். "எப்படி முடிஞ்சுது? யாராச்சும் சொல்லுங்க பாக்கலாம்."

கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். முப்பது கைகள் மேலே போயின. அதற்குப் பிறகு நடந்தது பாடமா, திருவிழாவா என்று எழிலரசிக்குத் தெரியவில்லை. வெளித் தேர்வாளர் நாற்காலியை விட்டு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானும் ஒரு தடவை கடப்பாரையை அழுத்திப் பார்த்தார். ராணியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எல்லாரும் போன பிறகு அவன் வந்தான். நெற்றியெல்லாம் வியர்வை, சட்டையெல்லாம் மண்.

"பாஸுங்க. மேடம் கை குடுத்தாங்க."

"கம்பெனிக்கு?"

"போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டேன்." கை நீட்டினான். "உங்க தாளக் குடுங்க. என்னென்ன தப்பு?"

அவள் தாளை முந்தானைக்குள் மறைத்தாள்.

"குடுங்களேன். வெளிச்சத்துல தூக்கிப் பாக்கற வம்சம்னு சொன்னீங்களே? ஓட்டை எங்கன்னு தெரிய வேணாமா?"

அவன் விடவில்லை. நீட்டினாள். வெறும் தாள். பெயரும் தேதியும்கூட இல்லை.

அவன் முகம் வாடியது. "ஏங்க... மறுபடியும் கோவமா?"

"எழுதணும்னுதான் வந்தேன்." பேச்சு எப்போதும் முன்னால் ஓடுகிறவளுக்கு இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் கைபிடித்து அழைத்து வர வேண்டியிருந்தது. "பேனாவக்கூடத் திறக்கல. நீங்க திரும்பினீங்க... அதோட சரி. பாத்துக்கிட்டே இருந்துட்டேன். பாடத்த இல்ல."

கொல்லைக்காற்று வந்து தாளைப் படபடக்க வைத்தது. எழிலரசிக்குக் கன்னம் எரிந்தது. ஓடிவிடலாமா? ஓடவில்லை.

"உங்களப் பிடிச்சிருக்கு வேடியப்பன். ரொம்ப."

அவன் கண்கள் வழக்கம்போல ஓடப் பார்த்தன. வயலுக்குப் போயின, மலைக்குப் போயின... அங்கெல்லாம் வேலை இல்லை என்று தெரிந்து திரும்பி வந்தன. அவள் கண்களில் நின்றன. நாவல்பழக் கறுப்பு. அதற்குள் குட்டியாக அவள்.

"எனக்கும் உங்களப் பிடிக்குங்க. கேள்வி கேட்டுட்டு நீங்களே பதில் சொல்றத... கையத் தூக்கினா மேகம் வர்றத... உங்க ரோஷத்தக்கூட. எழுதிடுவேன், சொல்ல வராதுன்னு இத்தன நாளா..."

சட்டென்று நிறுத்தினான். தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. கல்லைத் தூக்கிவிட்டுக் கைகளைப் பார்த்த ஓவியாவின் முகம் அவன் முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"சொல்லிட்டேன் இல்ல?" என்றான் ஆச்சரியமாக.

"சொல்லிட்டீங்க" என்றாள் எழிலரசி. ஈரமான கண்களோடு சிரித்தாள். "வாபஸ் கிடையாது."